ஓரம் சுத்தம்

கீழமாரட் வீதியில் நாற்பத்தொரு வருஷம்
வெங்காயம் ஏலம் விட்ட தொண்டை.
ஆடியில் கம்மியது. புரட்டாசி வரைக்கும்
சளி என்றே நினைத்திருந்தேன்.
மிளகு, சித்தரத்தை, பனங்கற்கண்டு:
மண்டிக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
பீடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
வாயில் அதுதானே இருந்தது.

டாக்டர் யாஸ்மின் சீட்டின் பின்பக்கம்
ஒரு கவட்டையைத் தலைகீழாக வரைந்தார்.
"இதுதான் உங்க குரல்."
இடது கிளையில் பேனாவால் ஒரு புள்ளி.
உளுந்தளவு.
நான் பார்த்தது புள்ளியை அல்ல, கவட்டையை.
இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டா
நாற்பது மூட்டையை ஒரே மூச்சில் ஏற்றி இறக்கினேன்?

மகன் திருப்பூரிலிருந்து:
"எழுபத்தெட்டு வயசுல அறுக்கணுமாம்மா?"
ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் பேச்சியம்மா.
"கழுத்துல கத்தி படாதுய்யா.
வாய் வழியா குழாய், குழாய் வழியா லேசர்.
தையலே கிடையாது."
டாக்டர் சொன்னதை
ரேஷன் கடை வரிசையில் நின்று
மனப்பாடம் செய்திருந்தாள்.

"வயசு இருக்கட்டும்," என்றார் மயக்க மருத்துவர்,
"கழுத்து எவ்வளவு வளையும்னு பாக்கணும்."
அண்ணாந்தேன்.
அவர்கள் மின்விசிறியில் ஒட்டடை.
மேல்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த ஒற்றைப் பல்லை
முதல் நாளே பிடுங்கிக் கையில் கொடுத்தார்கள்;
குழாய் இடித்தால் உள்ளே விழுந்துவிடுமாம்.
பேச்சியம்மா அதைச் சுருக்குப் பையில் போட்டாள்.

எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள்.
என் கண்ணுக்கு மட்டும் ஈரத்துணி.
"ஒளி தெறிச்சாலும் ஈரத்துல நின்னுரும்," என்றாள் நர்ஸ்.
"ஒண்ணுலருந்து எண்ணுங்க ஐயா."

ஒரு தரம்.
ரெண்டு தரம்.

யாரோ சிரித்தது கேட்டது.

விழித்தபோது தொண்டைக்குள்
வெங்காயச் சருகைக் கொளுத்திய வாசனை.
நாக்கு வேறு யாருடையதோ.
பத்து நாள் பேசக்கூடாது.
கிசுகிசுக்கவும் கூடாது,
கத்துவதைவிட அதுதான் மோசமாம்.

எழுதிக் காட்டலாம் என்றால்
பேச்சியம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்.
மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில்
விரல் பிடித்து விலை பேசுவதை
ஊமை வியாபாரம் என்று ஏசியவன் நான்.
இப்போது ஒரு விரல் பிடித்தால் தண்ணீர்.
ரெண்டு, கஞ்சி கொஞ்சம் ஆறட்டும்.
ஐந்தும் சேர்த்தால் வலி.
ராத்திரி விளக்கணைத்ததும்
தரையில் படுத்தபடி கட்டிலுக்குக் கை நீட்டுவாள்.
ஐந்தையும் பிடிப்பேன்,
வலிக்காத ராத்திரியிலும்.

பதினோராம் நாள் ரிப்போர்ட் வந்தது.
"வெட்டின ஓரமெல்லாம் சுத்தம்," என்றார் டாக்டர்.
எனக்குப் புரிந்தது.
மூட்டையின் ஓரத்தைப் பிரித்து
அழுகல் பரவியிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்போம்;
அதே வேலை, பூதக்கண்ணாடி வைத்து.
"ஆனா மாசாமாசம் வரணும்."
பீடியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
என் சட்டைப் பையைப் பார்த்தார்.
வெறும் பைதான்.

பனகல் சாலையில் ஆட்டோ.
"பழங்காநத்தம்," என்றேன்.
காற்றுதான் வந்தது. விளிம்பில் துளி குரல்.
"சத்தமாச் சொல்லுங்க பெரியவரே."
சொல்லவில்லை.
இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிக் குனிந்து
காதை என் வாயருகே கொண்டுவந்தான்.
நாற்பத்தொரு வருஷத்தில்
இவ்வளவு கிட்ட வந்து ஒருத்தரும்
என் பேச்சைக் கேட்டதில்லை.

நூத்தம்பது என்றான்.
நூறு, என்றேன்.
நூத்திருபதில் நின்றது.
"புண்ணு ஆறல, அதுக்குள்ள பேரமா?"
விலாவில் ஓர் இடி இடித்து
பேச்சியம்மா சுருக்குப் பையை அவிழ்த்தாள்.
நோட்டோடு சேர்ந்து வந்தது பல்.
எடுத்துத் திரும்ப உள்ளே போட்டாள்,
எண்ணிப் பார்த்த சில்லறை போல.